நாலு டிஸ்க் கூடுதலாக மாட்ட எந்த கார்டு? முதலில் ஸ்லாட்டைப் பாருங்கள்

தஞ்சாவூரில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவரின் ஸ்டூடியோவில், எடிட்டிங் மேசைக்குப் பக்கத்து அலமாரியில் ஹார்ட் டிஸ்க்குகள் பபிள் ஷீட்டில் சுற்றி அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் பேப்பர் டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 'ஆவணி 22', 'தை 23', 'வைகாசி 23' என்று எழுதியிருப்பார். இரண்டு வருஷம் கழித்துப் பெண் வீட்டார் வந்து இன்னொரு ஆல்பம் வேண்டும் என்றால், கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஒரு டிஸ்க்கை உருவிவிட்டு, அலமாரியிலிருந்து எடுத்ததை மாட்டுவார். மதர்போர்டில் டிஸ்க்கின் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட் நாலே நாலு. நாலும் எப்போதும் நிறைந்தே இருக்கும்.

"அண்ணே, ஒரு கார்டு போட்டா எல்லாத்தையும் ஒண்ணா மாட்டிடலாமாமே? பத்து போர்ட் வச்சது ஆன்லைன்ல சீப்பா கிடக்கு. வாங்கிடவா?" என்று போனில் கேட்டார்.

"வாங்காதீங்க, பொறுங்க. மதர்போர்டை நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றேன். போட்டோக்காரரிடம் போட்டோ கேட்பதில் ஒரு வசதி: ஸ்லாட்டுக்குள் இருக்கும் பின்கள் வரை எண்ணும்படி தெளிவாக வந்தது. எனக்குத் தேவைப்பட்டதும் அந்தப் பின்கள்தான்.

இந்த கார்டுகளை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிறார்கள். நாலு போர்ட், ஆறு போர்ட், பத்து, பதினாறு, இருபது என்று வரிசையாக விற்கிறார்கள். விலையும் அப்படியொன்றும் ஏறுவதில்லை. ஆனால் கார்டில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்பதைவிட, அதைச் செருகப்போகும் ஸ்லாட்டுக்குப் பின்னால் எத்தனை லேன் (டேட்டா போகும் தடம்) ஓடுகிறது என்பதே கதையைத் தீர்மானிக்கிறது.

கார்டே இல்லாமல் முடியுமா?

முதலில் இதைக் கேட்டுவிட வேண்டும். பழைய 2 டிபி டிஸ்க் நாலை மாட்டத்தான் கார்டு என்றால், ஒரு 8 டிபி டிஸ்க் வாங்கி நாலையும் அதில் கொட்டிவிடுவது நல்லது. ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு பவர் ஒயர், ஒரு டேட்டா கேபிள், கேபினெட்டில் ஓர் இடம், அப்புறம் என்றைக்காவது கெட்டுப்போகக்கூடிய இன்னொரு பொருள். அதை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, மதர்போர்டில் போர்ட் இருந்தும் வேலை செய்யாமல் இருக்கலாம். பல போர்டுகளில், பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கென்று இருக்கும் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி மாட்டியதும் இரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். இரண்டுக்கும் லேன் பொது. 'ஆறு போர்ட் இருக்கு, ரெண்டு செத்துப்போச்சு' என்று என்னிடம் வந்த கணினிகளில் பாதி இந்த ரகம்தான். மேனுவலில் ஒரு சின்ன அட்டவணையில் போட்டிருப்பார்கள். எம்.2 எஸ்எஸ்டியை இரண்டாவது எம்.2 ஸ்லாட்டுக்கு மாற்றினாலே சில போர்டுகளில் தீர்ந்துவிடும்.

நண்பருக்கு இது இரண்டுமே பொருந்தவில்லை. டிஸ்க்குகள் எல்லாம் 4 டிபி, பழுதில்லாதவை, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவை. போர்டில் மொத்தமே நாலு போர்ட். ஆகவே கார்டு.

ஸ்லாட்டின் கணக்கு

கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐஇ என்பதை ஓவர்ஹெட் டேங்கிலிருந்து இறங்கும் பைப் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே எத்தனை குழாய் வேண்டுமானாலும் வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் வருவது அந்தப் பைப்பில் இறங்குவது மட்டும்தான்.

பிசிஐஇயின் 2.0 தலைமுறையில் ஒரு லேனுக்கு நொடிக்கு 500 எம்பி. நடைமுறையில் 400 சொச்சம். 3.0-இல் ஒரு லேனுக்கு 985 எம்பி. இன்றைய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று, தட்டின் வெளி விளிம்பில் 200 எம்பியைத் தாண்டும். உள்ளே போகப் போக அதில் பாதிக்கு இறங்கும். சாட்டா எஸ்எஸ்டி என்றால் ஒன்றே 550 எம்பியை எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் பலர் ஏமாறுவது. கார்டின் பெட்டியில் 'பிசிஐஇ 3.0' என்று போட்டிருக்கும். மாட்டுகிற ஸ்லாட் 2.0 என்றால் கார்டும் 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் எச்110, எச்310, பி450 சிப்செட்டுகளிலிருந்து (மதர்போர்டில் புராசஸருக்குத் துணையாக இருக்கும் சிப்) வரும் லேன்கள் எல்லாமே 2.0தான். புராசஸரிலிருந்து நேராக வரும் பெரிய ஸ்லாட் மட்டும் 3.0, அதில் கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்திருக்கும். பி550, எச்510 போன்றவற்றில்தான் சிப்செட் லேன்களும் 3.0. எச்61 காலத்துப் போர்டு என்றால் இன்னும் பரிதாபம். அதன் சொந்த சாட்டா போர்ட்டுகளே நாலும் 3 ஜிகாபிட்தான். அந்தப் போர்டுகள் சிலவற்றில் பழைய வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட்டும் இருக்கும். அதற்கும் சாட்டா கார்டு கிடைக்கிறது. வேண்டாம், அந்த ஸ்லாட் மொத்தமும் 133 எம்பி.

இன்னொன்று, ஸ்லாட்டின் நீளம் பொய் சொல்லும். நண்பர் அனுப்பிய போட்டோவில் கீழே ஒரு முழு நீள ஸ்லாட் இருந்தது, பார்த்தால் எக்ஸ்16, அதாவது பதினாறு லேன். உள்ளே பின்கள் முன்பக்கம் கால் பங்குக்கு மட்டும்தான் இருந்தன. அதாவது எக்ஸ்4. மேலே கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒரு குட்டி எக்ஸ்1 ஸ்லாட். கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் அதை முக்கால்வாசி மூடியிருந்தது. இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள கிராபிக்ஸ் கார்டு போட்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகளில் இதுதான் வழக்கமான நிலைமை: காகிதத்தில் இரண்டு ஸ்லாட் காலி, கையில் ஒன்று.

நண்பருடையது பி450 போர்டு. ஆக, நமக்குக் கிடைத்தது பிசிஐஇ 2.0, எக்ஸ்4. உச்சக் கணக்கில் நொடிக்கு 2000 எம்பி. இனி இதற்குள் எந்த கார்டு என்று பார்க்கலாம்.

சிப் பெயரைக் கேளுங்கள், கம்பெனிப் பெயரை அல்ல

இந்த கார்டுகளின் அட்டைப்பெட்டியில் இருக்கும் பிராண்டுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. உள்ளே இருக்கும் சிப் நாலைந்து ரகம்தான். கடையில் "இதுல என்ன சிப்?" என்று கேட்டால் பலர் விழிப்பார்கள், விழிக்காமல் சொல்லும் கடையில் வாங்குங்கள்.

ஏஎஸ்எம்1061 என்பது 2.0, ஒரு லேன், இரண்டு போர்ட். இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் போதும். இதைப்பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. மார்வெல் 88எஸ்இ9215 அதே ஒரு லேனில் நாலு போர்ட். இந்த மார்வெல் வரிசையில் சில சிப்புகள் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி) ஓட்டுகிறவர்களுக்குத் தொல்லை கொடுத்தவை. அதற்குத் தேவைப்படும் ஐஓஎம்எம்யூ என்ற வசதியை ஆன் செய்தால் டிஸ்க் காணாமல் போகும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இவற்றுக்கென்றே தனியாகச் சரிக்கட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்குப் புதிதாக இதை வாங்கக் காரணமில்லை.

ஏஎஸ்எம்1064: 3.0, ஒரு லேன், நாலு போர்ட். எக்ஸ்1 ஸ்லாட் மட்டும்தான் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். 2.0 ஸ்லாட்டில் போட்டால் நாலு டிஸ்க்கும் சேர்ந்து 400 எம்பியைப் பங்கு போட்டுக்கொள்ளும், தலைக்கு நூறு. அது குறைவா? நாலும் ஒரே நேரத்தில் ஓடினால்தான் குறைவு. 'ஆவணி 22' டிஸ்க்கிலிருந்து ஒரு கல்யாணத்தை எடுக்கும்போது மற்ற மூன்றும் சும்மா இருக்கும். அந்த ஒன்றுக்கு முழு வேகம் கிடைக்கும். அடுத்த அறையிலிருந்து ஜிகாபிட் நெட்வொர்க் வழியாக எடுத்தால் எப்படியும் 110 எம்பிக்கு மேல் வராது. தனித்தனி டிஸ்க்காகப் பயன்படுத்துகிறவர்களை லேன் கணக்கு காட்டி மிரட்டி பெரிய கார்டு வாங்க வைப்பது நியாயமில்லை.

கதை மாறுவது ரெய்டு போடும்போது, அதாவது ஒன்று கெட்டாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டும்போது. ஐந்து டிஸ்க் சேர்த்து ரெய்டு 5 மாதிரி கட்டினால், ஒரு டிஸ்க் போய் புது டிஸ்க் போட்டு ரீபில்ட் ஆகும் நேரத்தில் அத்தனை டிஸ்க்கும் முதலிலிருந்து கடைசி வரை ஒன்றாக ஓடியாக வேண்டும். 4 டிபி டிஸ்க்கை 180 எம்பியில் படித்து முடிக்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 100 எம்பியில் பதினொரு மணி நேரம். மீதமிருக்கும் டிஸ்க்குகளில் இன்னொன்றும் போய்விடக் கூடாதே என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அதை இரட்டிப்பாக்கிக்கொள்ள யாருக்கும் ஆசை இருக்காது.

ஜேஎம்பி585, ஏஎஸ்எம்1166 இரண்டும் 3.0, இரண்டு லேன். முன்னதில் ஐந்து போர்ட், பின்னதில் ஆறு. நல்ல 3.0 ஸ்லாட்டில் 1970 எம்பி, 2.0-இல் ஆயிரம், கைக்கு வருவது 800 வாக்கில். வேகத்தில் இரண்டும் ஒன்றுதான். நான் ஏஎஸ்எம்1166 பக்கம் சாய்வதற்குக் காரணம், சும்மா இருக்கும் நேரத்தில் அது பிசிஐஇ லிங்க்கைத் தூங்க விடும். ஜேஎம்பி585 போட்ட கணினியில் புராசஸர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது. இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் கணினி என்றால் இதைக் கவனிக்க வேண்டும். காலையில் போட்டு ராத்திரி அணைக்கும் கணினிக்கு இரண்டில் எது கிடைக்கிறதோ அது.

ஏஎஸ்எம்1166-க்கு ஒரு விசித்திரம் உண்டு. ஆறு போர்ட் கார்டு, ஆனால் தன்னிடம் 32 போர்ட் இருப்பதாக லினக்ஸிடம் சொல்லும். இல்லாத 26 போர்ட்டையும் கெர்னல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். பூட் ஆவதற்குக் கொஞ்சம் தாமதமாகலாம். அதற்காகக் கெர்னலில் எண்ணிக்கையைக் குறைத்து ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். அதே வரிசை சிப்பில் போர்ட் மல்டிப்ளையர் (ஒரு இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் சிப்) வைத்து விற்கும் கார்டுகளில் அந்தத் திருத்தத்தால் டிஸ்க்குகளே காணாமல் போக, 2024-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். விண்டோஸ்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அந்தப் பத்து போர்ட் கார்டு

நண்பர் முதலில் அனுப்பிய லிங்க் இந்த ரகம்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ரகசியம் தெரியும்: ஹீட்சிங்குக்கு அடியில் ஒரு சிப், போர்ட்டுகளுக்குப் பின்னால் ஜேஎம்பி575 என்று இன்னொரு சிப் ஒன்றோ இரண்டோ. இந்தச் சின்ன சிப்தான் போர்ட் மல்டிப்ளையர். ஒரு சாட்டா இணைப்பை எடுத்து ஐந்தாகப் பிரித்துக் கொடுக்கும்.

வேகம் பங்காவது இரண்டாம் பட்சம். இதில் வில்லங்கம் வேறு. அந்த ஐந்தில் ஒரு டிஸ்க் கெட்ட செக்டாரில் மாட்டிக்கொண்டு பதில் சொல்லத் தாமதித்தால், மேலே இருக்கும் சிப் அந்த ஒற்றை இணைப்பையே ரீசெட் செய்யும். ஐந்து டிஸ்க்கும் ஒரு நொடி மறைந்து திரும்பும். தனித்தனி டிஸ்க் என்றால் காப்பி பாதியில் நிற்கும். ரெய்டு என்றால் ஒரே நேரத்தில் ஐந்து டிஸ்க் செத்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். ஒரு டிஸ்க் கெட்டாலும் தாங்கும் என்றுதான் ரெய்டே கட்டுகிறோம். அந்த ஒன்று மற்ற நாலையும் இழுத்துக்கொண்டு விழும்படி கார்டு வாங்கினால் எப்படி?

இதை விளக்கியதும் நண்பர் கேட்டார்: "அப்ப ஏண்ணே விக்கிறாங்க?" அவசரமே இல்லாத வேலைக்கு நிறைய டிஸ்க்குகளைத் தொங்கவிட வேண்டியவர்களுக்கு அது போதும். கல்யாண வீடியோவுக்கு இரண்டாவது டேக் கிடையாது, அவ்வளவுதான்.

சர்வரிலிருந்து கழற்றிய கார்டு

இதைப்பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்; எனக்கு மிகவும் பிடித்ததும், என்னை மிகவும் படுத்தியதும் இதுதான்.

எல்எஸ்ஐ 9211-8ஐ. எஸ்ஏஎஸ்2008 சிப், பிசிஐஇ 2.0, எட்டு லேன், எட்டு டிஸ்க். சர்வர்களுக்காகச் செய்தது. டெல் எச்310 (முன்பு சொன்ன சிப்செட் அல்ல, கார்டின் பெயர்), ஐபிஎம் எம்1015 என்றெல்லாம் வெவ்வேறு பெயரில் வந்தவையும் இதே சிப்தான். டேட்டா சென்டர்கள் பழைய சர்வர்களைக் கழிக்கும்போது இவை செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. அடுத்த தலைமுறை 9207-8ஐ, அது 3.0. அதற்கும் அடுத்தது 9300-8ஐ. கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ரெய்டு ஃபர்ம்வேரை அழித்துவிட்டு, டிஸ்க்கை உள்ளது உள்ளபடி கணினியிடம் காட்டும் 'ஐடி மோடு' ஃபர்ம்வேர் ஏற்றினால், வீட்டு சர்வர் கட்டுகிறவர்களுக்கு இதைவிட உறுதியான கார்டு கிடையாது. எட்டும் நேரடி இணைப்பு. மல்டிப்ளையர் சமாச்சாரமே இல்லை. எக்ஸ்8 கார்டு என்றாலும் முழு நீளமுள்ள எக்ஸ்4 ஸ்லாட்டில் உட்காரும், நாலு லேனில் ஓடும். லினக்ஸும் விண்டோஸ் 10-உம் தாமாகவே அடையாளம் கண்டுகொள்ளும்.

நான் என் வீட்டுக் கணினிக்கு ஒன்று வாங்கினேன். ஆறு டிஸ்க். மாட்டி மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. சித்திரை பிறந்தது. ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு இரண்டு டிஸ்க் காணோம். ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிட்டன. மறுநாளும் அதே மூன்று மணி, இந்த முறை வேறு இரண்டு. கேபிளை மாற்றினேன், பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன், டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நாலாவது நாள் தகட்டைத் திறந்து யோசித்துக்கொண்டிருக்கும்போது கை தற்செயலாக கார்டின் ஹீட்சிங்க்மேல் பட்டது. தோசைக்கல்லில் வைத்த மாதிரி விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

தப்பு கார்டின்மேல் இல்லை. சர்வரில் முன்னாலிருந்து பின்னால் புயல் மாதிரி காற்று அடிக்கும். அந்தக் காற்றை நம்பி, ஃபேன் இல்லாத சின்ன ஹீட்சிங்க்கோடு செய்த கார்டு இது. நம் கேபினெட்டில், கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே, மூலையில், காற்றே வராத இடத்தில் மே மாதத்து மதியத்தில் அதை வைத்தால் வேறென்ன ஆகும்? 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை ஹீட்சிங்க்மேல் வைத்து கேபிள் டை போட்டுக் கட்டினேன். அன்றிலிருந்து ஒரு டிஸ்க்கும் காணாமல் போனதில்லை. அசிங்கமாகத்தான் இருக்கிறது, தகட்டை மூடினால் யாருக்குத் தெரியப்போகிறது.

இந்த கார்டு எடுக்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில பொறிகள். கார்டில் சாதாரண சாட்டா போர்ட் இருக்காது. எஸ்எஃப்எஃப்-8087 என்ற அகலமான சாக்கெட் இரண்டு இருக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் நாலு சாட்டா பிரியும் கேபிள் தனியாக வாங்க வேண்டும். அதில் 'ஃபார்வர்ட்', 'ரிவர்ஸ்' என்று இரண்டு வகை. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போவது ஃபார்வர்ட். ரிவர்ஸை வாங்கினால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், ஒரு டிஸ்க்கும் தெரியாது. இதைவிட மலிவாக 1068இ சிப் போட்ட முந்தைய தலைமுறை கார்டுகளும் சந்தையில் கிடக்கும். அவை 2 டிபிக்கு மேல் டிஸ்க்கைப் பார்க்காது. டெல் கார்டுகளைச் சில வீட்டு மதர்போர்டுகளில் செருகினால் கணினி பூட் ஆகாமலே நிற்கும். கார்டின் விளிம்பில் பி5, பி6 என்ற இரண்டு பின்களை டேப் போட்டு மறைத்தால் எழுந்துகொள்ளும். ஃபர்ம்வேர் 20.00.07.00 இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். சாட்டா எஸ்எஸ்டியை இதில் மாட்டாதீர்கள், அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை எல்லா எஸ்எஸ்டிக்கும் போகாது. எஸ்எஸ்டிக்கு மதர்போர்டின் சொந்த போர்ட்டே நல்லது.

கரண்டும் கொஞ்சம் தின்னும். கார்டு 10 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓடும் கணினியில் இரண்டு மாத ஈபி பில்லில் 14 யூனிட் அதனுடையது.

எட்டு டிஸ்க், ரெய்டு அல்லது அதே வேலை செய்யும் இசட்எஃப்எஸ், எந்நேரமும் ஓடும் கணினி, நோண்டிப் பார்க்கப் பிடிக்கும் ஆள்: இத்தனையும் சேர்ந்தால் இதை எடுங்கள். நண்பருக்கு கடைசிப் பொருத்தம் இல்லை. கெட்டால் என்னைத்தான் கூப்பிடுவார். சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு ஆறு மணி நேரம்.

மற்ற இரண்டு வழிகள்

எம்.2 ஸ்லாட்டில் செருகும் ஆறு போர்ட் சாட்டா அடாப்டர் ஒன்று கிடைக்கிறது. உள்ளே அதே ஏஎஸ்எம்1166 அல்லது ஜேஎம்பி585தான். பி450-இல் புராசஸரிலிருந்து வரும் எம்.2 ஸ்லாட் 3.0 என்பதால், கீழ் ஸ்லாட்டைவிட இங்கே இரட்டை வேகம் கிடைக்கும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நண்பரின் விண்டோஸ் இருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. தவிர, சூயிங்கம் பாக்கெட் அளவுப் பலகை, அதைப் பிடித்திருப்பது ஒற்றை ஸ்க்ரூ. ஆறு கேபிளின் கனமும் இழுப்பும் அதன்மேல். பிசிஐஇ ஸ்லாட்டே இல்லாத குட்டிக் கணினிகளுக்கு இதுதான் வழி. வாங்கும் முன் அந்த எம்.2 ஸ்லாட் சாட்டா மட்டும் ஏற்கும் வகையா என்று பார்த்துவிடுங்கள்; அப்படியானால் இது வேலை செய்யாது.

யூஎஸ்பி பெட்டி: வாரம் ஒருமுறை மாட்டி பேக்கப் எடுத்துக் கழற்றி வைக்க அருமையான பொருள். நிரந்தரமாக நாலு டிஸ்க் ஓட்ட நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பல பெட்டிகளுக்குள்ளும் அதே போர்ட் மல்டிப்ளையர்தான். சில பெட்டிகளில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை வெளியே எடுத்து நேரடியாகக் கணினியில் மாட்டினால் படிக்காது; செக்டார் அளவை அந்தப் பெட்டி வேறு மாதிரி காட்டியிருக்கும்.

கடையில் யாராவது 'ரெய்டு கார்டு' என்று எடுத்து நீட்டினால் இரண்டு கையும் கட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே படம் நிறைந்த டிஸ்க்கை ஏஎச்சிஐ கார்டில் (ஏஎஸ்எம்1166 மாதிரி சாதாரண சாட்டா கார்டு) மாட்டினால் அப்படியே தெரியும். அசல் ரெய்டு கார்டில் மாட்டினால் 'இனிஷியலைஸ் செய்யவா?' என்று கேட்கும். அவசரத்தில் ஓகே அழுத்தினால் ஒரு முகூர்த்த சீசனே போய்விடும்.

மாட்டிய நாள்

ஏஎஸ்எம்1166, ஆறு போர்ட். அதைத்தான் வாங்கச் சொன்னேன். ஒரு லேன் கார்டைவிட விலை கொஞ்சம்தான் கூட, ஸ்லாட்டும் இருக்கிறது, பழைய படங்களை ஒரு ஜோடி டிஸ்க்கிலிருந்து இன்னொரு ஜோடிக்கு மாற்றும்போது நாலும் ஒன்றாக ஓடும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாட்டினோம்.

கார்டைவிட எனக்கு பவர் சப்ளைமேல்தான் பயம். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நாலு புதுசு என்றால் கூடுதலாக 8 ஆம்பியர், கிட்டத்தட்ட 96 வாட், ஒரே நேரத்தில். அவரிடம் இருந்தது தரமான 550 வாட் சப்ளை, தப்பித்தோம். பவர் ஒயர் போதவில்லை என்று அவர் ஏற்கெனவே மோலெக்ஸ் என்ற பழைய பவர் பிளக்கிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் இரண்டு வாங்கி வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன்: ஒயர்கள் பிளாஸ்டிக்கோடு உருக்கி வார்த்த வகை. உள்ளே ஒயர் ஒன்றோடொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. உரசி உருகித் தீப்பிடிக்கும் பெயர் பெற்றவை. அதைத் தனியே வைத்துவிட்டு, பின்கள் தனித்தனியாகக் கடித்துப் பிடித்திருக்கும் வகையை வாங்கி வரச் சொன்னேன். ஒரே ஒயரில் நாலையும் தொங்கவிடாமல் சப்ளையிலிருந்து வரும் இரண்டு ஒயர்களில் இரண்டிரண்டாகப் பிரித்தோம்.

மாட்டுவது பத்து நிமிஷ வேலை. சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கணினியின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றி, கேபினெட்டின் இரும்பை ஒரு கையால் தொட்டு. பின்பக்கத் தகட்டுத் துண்டை எடுக்கிறோம், கார்டை இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அழுத்துகிறோம், ஸ்க்ரூ போடுகிறோம். ஸ்க்ரூவை இறுக்கும்போது கார்டின் உள்முனை ஸ்லாட்டிலிருந்து லேசாகத் தூக்கிக்கொள்ளும். மலிவு கேபினெட்டுகளில் இது சகஜம். இறுக்கியபின் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். கேபிளில் உலோகக் கொக்கி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் டிஸ்க் அதிர்வில் கழன்று வராது. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைத் தொடவில்லை. பூட் ஆகும் டிஸ்க் எப்போதும் மதர்போர்டிலேயே இருக்கட்டும்.

கணினியை ஆன் செய்ததும் டிரைவர் எதுவும் கேட்கவில்லை, நாலு டிஸ்க்கும் வந்து நின்றன. ஆனால் அத்தோடு மூடிவிடக் கூடாது. லிங்க் எத்தனை லேனில் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டைப் பார்த்தேன். 5 ஜிடி (அதாவது 2.0 வேகம்), எக்ஸ்1 என்று காட்டியது. எக்ஸ்2 வந்திருக்க வேண்டும். கார்டைக் கழற்றி, தங்க நிற விளிம்பை அழிரப்பரால் துடைத்து, ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி செருகினேன். எக்ஸ்2. அந்த உள்முனை தூக்கல்தான். பார்க்காமல் விட்டிருந்தால் இரண்டு லேன் கார்டு வாங்கி ஒரு லேனில் வருஷக்கணக்கில் ஓட்டியிருப்பார். எந்தப் பிழைச் செய்தியும் வந்திருக்காது.

நாலு டிஸ்க்கையும் ஒன்றாகப் படிக்கவிட்டுப் பார்த்தோம்: மொத்தம் 700 எம்பிக்குச் சற்று மேலே நின்றது. அவர் உடனே அலமாரியிலிருந்து 'வைகாசி 23'-ஐயும் எடுத்து வந்தார். கார்டில் இரண்டு போர்ட் காலிதான். கேபினெட்டில்தான் இடமில்லை. டிவிடி டிரைவ் இருந்த 5.25 அங்குல இடத்தில் 3.5 அங்குல டிஸ்க்கை உட்கார வைக்க ஒரு பிராக்கெட் கிடைக்கும், அதை வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.